வானம் மாறுங்கால் ஊராட்சி: கொக்கட்டிச்சோலைப் பிரதேசத்தை முன்னிறுத்திய ஓர் ஆராய்ச்சி

திருவள்ளுவர் தம் நூலின் முதல் அதிகாரத்தைக் கடவுளுக்கு வகுத்தார். இரண்டாம் அதிகாரத்தை மழைக்கு வகுத்தார். நீத்தார் பெருமையும் அறத்தின் வலிமையும் அதன் பின்னரே வருகின்றன. அரசும் அமைச்சும் பொருட்பாலுக்குச் சென்றபின்பே பேசப்படுகின்றன. மழை முந்தியது, ஆட்சி பிந்தியது என்னும் இம்முறை வைப்பு வேளாண்மையை நம்பி வாழும் மக்களுக்கு மிகவும் பொருந்துவதாகும். மழை முறைபிறழ்ந்தால் ஆட்சி செய்யத்தக்கது யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஈண்டு ஆட்சி என்றது கொழும்பிலுள்ள பாராளுமன்றத்தையன்று. வடிகானையும் மதகையும் சந்தையையும் தெருவிளக்கையும் பராமரிக்கின்ற பிரதேச சபையையே. பருவநிலை மாற்றம் என்றவுடன் பனிமலை உருகுதலும் உலகத் தலைவர்கள் கூடுதலும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் அம்மாற்றம் ஏழையின் வீட்டு முற்றத்தை வந்தடையும்போது அது முழங்கால் அளவு வெள்ளமாகவோ வற்றிய கிணறாகவோதான் வருகின்றது. அந்த முற்றத்துக்கு மிக அண்மையில் நிற்கும் ஆட்சி பிரதேச சபையே. ஆகலின், பேராட்சிகள் பேசுவதை ஆராயுமுன் சிற்றாட்சி செய்யக்கூடியதை ஆராய்தல் தகும்.

படுவான்கரையின் இயல்பு

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. வாவிக்குக் கிழக்கே கடலோரமாயமைந்த நிலம் ஞாயிறு எழுகின்ற பக்கமாதலின் எழுவான்கரை எனப்படும். மேற்கே ஞாயிறு படுகின்ற பக்கத்து நிலம் படுவான்கரை எனப்படும். எழுவான்கரையில் மக்கள் நெருக்கமும் நெடுஞ்சாலையும் அங்காடியும் உள்ளன. படுவான்கரையில் வயலும் குளமும் காடும் உள்ளன. நாட்டுக்கு நெல் விளைவிப்பது படுவான்கரை. நெல்லின் விலையை அறிவது எழுவான்கரை என்று முதியோர் நகையாகக் கூறுவர்.

அப்படுவான்கரையின் நடுநாயகமாக விளங்குவது தான்தோன்றீச்சரத் திருத்தலம் அமைந்த கொக்கட்டிச்சோலையாகும். மண்முனை தென்மேற்குப் பிரதேசத்தின் தலைமையிடமும் இதுவே. மகிழடித்தீவு, முதலைக்குடா, முனைக்காடு, அம்பிளாந்துறை, அரசடித்தீவு, கடுக்காமுனை முதலிய ஊர்களை இதனைச் சூழக் காணலாம். தீவு, குடா, முனை, துறை என்னும் இப்பெயர்களை ஊன்றி நோக்குக. ஊர்ப் பெயர்களே நிலநூற் பாடமாய் அமைந்துள்ளன. வாவியின் நீர் ஏறியும் இறங்கியும் வந்த இடத்திலே, நீருக்கு இடம் விட்டு மேட்டிலே குடியிருந்த மக்கள் இட்ட பெயர்கள் அவை.

2014ஆம் ஆண்டு ஏப்ரலில் யப்பான் நாட்டின் உதவியுடன் கட்டப்பட்ட மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, இப்பகுதி மக்கள் எழுவான்கரைக்குச் செல்ல மண்முனைத் துறையிற் பாதையையே நம்பியிருந்தனர். காற்றும் வெள்ளமும் மிகும் நாளிற் பாதை ஓடாது. அந்நாளில் மாணவன் பள்ளிக்கு வருதலும் நோயாளி ஆசுபத்திரிக்குச் செல்லுதலும் வானத்தின் கையிலேயே இருந்தன. பழைய மாணவர் பலர் புத்தகப் பொதியைத் தலையில் வைத்துத் துறையில் நின்ற நாள்களை மறந்திரார்.

மாற்றம் யாது?

மட்டக்களப்பில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 1,600 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. இதன் பெரும்பகுதி நவம்பர் முதல் சனவரி வரையுள்ள வடகீழ்ப் பருவத்திலேயே வீழ்ந்துவிடும். எஞ்சிய மாதங்களில் நிலம் காய்ந்து கிடக்கும். எனவே இந்நாட்டு நாகரிகம் முழுவதும் மூன்று மாத நீரைப் பன்னிரண்டு மாதம் வைத்து உண்ணும் கலையேயாகும். குளமும் துருசும் வானும் வாய்க்காலும் அக்கலையின் கருவிகள்.

வெள்ளமும் சூறாவளியும் நமக்குப் புதியனவல்ல. 1957ஆம் ஆண்டு டிசெம்பரில் வந்த பெருவெள்ளத்திலே குளக்கட்டுக்கள் உடைந்தன. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. மட்டக்களப்பின் தென்னந்தோட்டங்களை வேரொடு சாய்த்தது. அங்ஙனமாயின் இன்று மாறியது யாது என்று வினவலாம்.

விடை பௌதிகத்தில் உள்ளது. காற்றின் வெப்பம் ஒரு பாகை உயருங்கால் அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு வீதம் மிகுகின்றது. கைத்தொழிற் காலத்துக்கு முன்பிருந்த நிலையினும் உலகின் சராசரி வெப்பம் ஒரு பாகைக்கு மேல் உயர்ந்துவிட்டது. ஆதலின் மழை பெய்யுங்கால் மிகக் கொட்டுகின்றது. பெய்யாத காலத்தில் நிலத்து ஈரம் விரைந்து வற்றுகின்றது. வெள்ளமும் வறட்சியும் ஒன்றுக்கொன்று பகையென்று எண்ணற்க. அவை ஒரு தாய் மக்கள். மேலும், 1901ஆம் ஆண்டு தொடங்கி 2018ஆம் ஆண்டுவரை கடல் மட்டம் உலகச் சராசரியில் ஏறத்தாழ 20 சதமமீற்றர் உயர்ந்தது. கடலோடு வாய் திறந்து கிடக்கும் வாவிக்கு இது சிறு செய்தியன்று.

அண்மை ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்ப்பின் இவ்வுண்மை தெளிவாகும். 2011ஆம் ஆண்டு சனவரியிலும் பெப்ரவரியிலும் இரு வெள்ளங்கள் அடுத்தடுத்து வந்து, அறுவடைக்கு அணித்தாய் நின்ற பெரும்போக வேளாண்மையை அழித்தன. 2014 டிசெம்பரில் மீண்டும் வெள்ளம். 2016, 2017ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் நாற்பதாண்டுகளிற் காணாத வறட்சி. 2024 நவம்பர் இறுதியில் பெங்கல் புயலாய் மாறிய தாழமுக்கத்தாற் கிழக்கில் வெள்ளம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கிழக்குக் கரை வழியே ஏறி, மலைநாட்டிலே மண்சரிவை விளைத்து, நாடெங்கும் அறுநூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. தந்தையார் தம் வாழ்நாளில் ஓரிரு முறை கண்ட இடர்களை மைந்தர் பதினைந்தாண்டுக்குள்ளே பன்முறை காண்கின்றனர்.

இக்கேட்டுக்கு நாம் பெரிதும் காரணரல்லேம் என்பதையும் கூறுதல் நீதியாகும். இலங்கையில் ஆளொருவர் எரிபொருளால் வெளிவிடும் கரியமிலவாயு ஆண்டுக்கு ஒரு தொன் அளவே. உலகச் சராசரி அதன் நான்கு மடங்குக்கு மேற்பட்டது. ஆயினும் தீ வைத்தவன் அயலான் என்பதற்காக எரியும் கூரையின்கீழ் எவரும் உறங்குவதில்லை.

ஊராட்சியின் வரலாறும் வரம்பும்

ஆங்கிலேயர் காலத்தில் 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் வழியே கிராமச் சங்கங்கள் தோன்றின. கிராமத்து வீதி, கிணறு, நீர்ப்பாய்ச்சல் ஆகியவற்றை அவை ஓம்பின. நெடுங்காலம் நிலவிய அச்சங்கங்கள் 1980களின் தொடக்கத்தில் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தபோது மறைந்தன. பின்னர் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தால் இன்றுள்ள பிரதேச சபைகள் அமைந்தன.

அச்சட்டத்தின்படி பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வழிகள் என்னும் மூன்றும் சபையின் பொறுப்பாகும். மக்களின் நலனையும் வசதியையும் பேணுதலும் அதன் கடமையே. சட்டத்தில் பருவநிலை என்னும் சொல்லைத் தேடி அலைய வேண்டுவதில்லை. வெள்ள நீர் கிணற்றிற் கலப்பது சுகாதாரம். தெருவிளக்கு பயன்பாட்டுச் சேவை. மூழ்கும் வீதி பொதுவழி. மூன்றினுள்ளும் வானம் புகுந்துவிடுகின்றது.

ஈண்டு மாணவர் மயங்குவதோர் இடத்தைத் தெளிவித்தல் வேண்டும். பிரதேச செயலகம் வேறு. பிரதேச சபை வேறு. முன்னது மத்திய அரசின் கிளை. அதன் கீழ்க் கிராம உத்தியோகத்தர் பணிபுரிவர். பின்னது மக்கள் தெரிந்தெடுத்த மன்றம். 2005ஆம் ஆண்டின் அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் இடர்க்காலப் பணிகள் மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர் என்னும் வழியே நடைபெறுகின்றன. பெருங்குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குரியன. சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியன. காட்டுக்கும் கரைக்கும் மணலுக்கும் தனித்தனித் திணைக்களங்கள் உள. குளம் ஒருவருடையது, வாய்க்கால் மற்றொருவருடையது, அவ்வாய்க்காலைக் கடக்கும் வீதி வேறொருவருடையது என்றால், மழைநீர் மாத்திரம் இவ்வெல்லைகளை அறியாது ஓடிவருகின்றது.

அன்றியும், மக்கள் மன்றம் என்றும் மக்களிடம் இருந்ததுமில்லை. போர்க்காலத்தில் மட்டக்களப்பில் உள்ளூராட்சி பெயரளவிலேயே நின்றது. 1994க்குப் பின் 2008 மார்ச்சிலேயே இங்கு உள்ளூராட்சித் தேர்தல் நடைபெற்றது. 2018ஆம் ஆண்டு தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிவுற்றது. அவ்வாண்டு நடைபெறவேண்டிய தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. அஃது அடிப்படை உரிமை மீறலென உயர் நீதிமன்றம் 2024 ஆகத்தில் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் நாளே மீண்டும் வாக்களிப்பு நடந்தது. இடைப்பட்ட ஈராண்டுக்கு மேற்பட்ட காலம் நாடெங்கும் சபைகள் அலுவலர் பொறுப்பிலே இருந்தன. வெள்ளம் தேர்தலுக்குக் காத்திருப்பதில்லை.

வீதியும் மதகும்

பிரதேச சபையின் கைக்கு முழுதும் எட்டும் வேலை யாதெனின், அது கிராம வீதியும் அதன் மதகுமேயாகும். எனவே இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

சில ஆண்டுகளுக்கு முன் வயல் நடுவேயுள்ள ஓர் ஊரில் யான் கண்ட காட்சியை ஈண்டுக் கூறுவேன். வட்டைக்கும் வாவிக்கும் இடையே ஒரு கிரவல் வீதி கிடந்தது. முன்னாளில் அதன் தாழ்ந்த இடத்தில் ஒரு தாம்போதி இருந்தது. மாரியில் நீர் அதன்மேல் வழிந்து சென்றது. வண்டிகள் ஓரிரு நாள் தங்கிச் சென்றன, ஊர் மூழ்கவில்லை. பின்னர் வீதி உயர்த்தப்பட்டது. தாம்போதி இருந்த இடத்தில் ஈரடி விட்டமுள்ள ஒரு குழாய் இடப்பட்டது. அடுத்த வெள்ளத்திற்குப் பின் வீதி மேலும் உயர்த்தப்பட்டது. இங்ஙனம் வீதி குளக்கட்டாயிற்று. மேற்புறத்து வீடுகள் குளத்தினுள்ளே ஆயின. திறப்பு விழா முடிந்து யாவரும் பாராட்டி நின்றபோது, முதிய வட்டைவிதானையார் ஒருவர், "றோட்டு நல்லாத்தான் இருக்கு மனே; தண்ணிக்கு வழி எங்க?" என்று கேட்டார். அவ்வினாவுக்கு அன்று எவரும் விடை கூறவில்லை. அவ்வாண்டு மார்கழியில் நீர் விடை கூறிற்று.

அம்முதியவர் அனுபவத்தால் அறிந்ததை நாம் கணக்கால் அறியலாம். ஒரு சதுர கிலோமீற்றர் வயலில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீற்றர் மழை பெய்கின்றதெனக் கொள்க. அதன் அளவு 50,000 கனமீற்றர். பாதி நிலத்திலே தங்கினும், 25,000 கனமீற்றர் வெளியேற வேண்டும். அஃதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 7 கனமீற்றர். ஈரடிக் குழாயின் வாய்ப்பரப்பு 0.28 சதுரமீற்றர்; நீர் செக்கனுக்கு ஒன்றரை மீற்றர் வேகத்தில் ஓடினும் 0.42 கனமீற்றரே செல்லும். எனவே பதினாறு குழாய்க்கு மேல் வேண்டிய இடத்தில் ஒன்றே இடப்பட்டுள்ளது.

இதிலே மற்றொரு நுட்பமும் உண்டு. குழாயின் விட்டத்தை இரட்டித்தால் அதன் பரப்பு நான்மடங்காகும். சுவரிலே நீர் உரசும் தடை குறைவதால் ஓட்டமோ ஆறு மடங்குக்கு மேலாகும். ஆதலின் பல சிறு குழாய்களை அடுக்குவதினும் ஒரு பெரிய பெட்டி மதகு சிறந்தது. எல்லாவற்றினும் நீர் வழமையாய் ஓடிய தாழ்நிலத்திலே உறுதியான தாம்போதியை விட்டுவைத்தல் பலவிடத்துச் சிக்கனமானது. ஓரிரு நாள் வீதி மூழ்குவதா, ஒரு கிழமை ஊர் மூழ்குவதா என்பதே கேள்வி. இதற்கு வெளிநாட்டுக் கடனும் வேண்டுவதில்லை, பேரறிஞர் குழுவும் வேண்டுவதில்லை. மதிப்பீடு தயாரிக்கும் தொழினுட்ப உத்தியோகத்தர் வயலோரத்து முதியவரை ஒருமுறை வினாவினாற் போதும்.

காலமும் இதில் ஒரு கருவியாகும். சபையின் பாதீடு சனவரியில் தொடங்குகின்றது; வேலைகள் ஒப்பந்தமாகி நடைபெறும்போது பலவிடங்களில் ஐப்பசி வந்துவிடுகின்றது. புதிதாய் இட்ட கிரவல் முதல் மழையிலேயே வாவிக்குள் போய்விடுகின்றது. வடிகான் துப்புரவும் மதகு திருத்தமும் புரட்டாதிக்கு முன் முடிதல் வேண்டுமென ஒரு தீர்மானம் நிறைவேற்றுவதற்குப் பணம் வேண்டுவதில்லை.

முகத்துவாரம்

சபையின் கைக்கு எட்டாததும், ஆயினும் அதன் குரல் கேட்கப்படவேண்டியதுமான விடயம் முகத்துவாரமாகும். கோடையிற் கடலலை மணலைக் கொணர்ந்து வாவியின் வாயை அடைக்கின்றது. மாரியில் முந்தனையாறு முதலிய ஆறுகளின் நீரும், உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்களின் வான் நீரும் வாவியில் வந்து நிரம்புகின்றன. வாய் அடைபட்டிருப்பின் நீர் படுவான்கரை வயல்களின்மேல் ஏறுகின்றது. அப்பொழுது ஆற்றுவாயை வெட்டுக என்னும் கோரிக்கை எழுகின்றது.

வெட்டுதல் எளிது, எப்பொழுது வெட்டுவது என்பதே அரிது. காலந் தாழ்த்தினால் குடலைப் பருவத்து நெல் அழுகும். முந்தி வெட்டி, பின்னர் மழை பொய்த்தால், வாவி நீர் வடிந்து உவர் ஏறும். கரையோர வயலும் கிணறும் கெடும். மீனவர்க்கு இறாலும் மீனும் உள்வரும் காலமும் நீரின் ஆழமும் முதன்மையானவை. உழவர், மீனவர் ஆகிய இரு திறத்தாரும் தத்தம் நிலையில் நியாயமுடையவரே. இம்முடிவு மாவட்ட மட்டத்திற் கூடும் கூட்டத்திலே செய்யப்படுகின்றது.

முன்னாளில் மாரி இன்ன கிழமையில் வலுக்கும், இன்ன கிழமையில் ஓயும் என்று முதியோர் பெரும்பாலும் பிழையின்றிக் கூறினர். அவ்வறிவை நம்பியே நாள் குறித்தனர். இன்று மழையின் முறையே மாறியதால் அவ்வறிவு தளர்ந்துள்ளது. ஆகலின் அளவுகோல் வேண்டும். அம்பிளாந்துறை, மண்முனை போன்ற துறைகளில் நீர்மட்டக் கம்பம் நட்டு, நாள்தோறும் அளவெழுதி, நீர் இன்ன அடையாளத்தை எட்டினால் வெட்டுவது என்று இருதிறத்தாரும் கோடையிலேயே உடன்படுதல் சிறந்த வழியாகும். வெள்ளத்தில் நின்று பேசுவோர் சினத்தோடு பேசுவர். கோடையில் மரநிழலில் இருந்து பேசுவோர் அறிவோடு பேசுவர். அக்கூட்டத்தைக் கூட்டுதற்கு வாவியைச் சூழ்ந்த சபைகளினும் தகுதியுடையார் யாவர்? உழவரும் மீனவரும் அவற்றின் வாக்காளரேயன்றோ!

கோடையும் குடிநீரும்

வறட்சிக் காலத்திற் படுவான்கரையின் உட்பகுதிக் கிராமங்களுக்குப் பவுசரிலே குடிநீர் கொண்டு செல்லப்படுவதை யாவரும் அறிவர். குடத்தோடு வீதியில் நிற்போர் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். காட்டில் நீர் வற்றுங்கால் யானையும் ஊர் நோக்கி வருகின்றது. முன்னோர் மழை வேண்டிக் கண்ணகியம்மன் சந்நிதியில் மழைக்காவியம் பாடினர். அவ்வழிபாட்டோடு அவர் குளத்தையும் தூர்த்தெடுத்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

ஈண்டும் ஒரு கணக்கு. ஐம்பது சதுரமீற்றர்க் கூரையின்மேல் ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றர் மழை வீழின், அது 80,000 லீற்றர். ஐவர் கொண்ட குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லீற்றர் செலவிடின், நான்கு மாதக் கோடைக்கு வேண்டுவது 3,000 லீற்றரே. அஃதாவது, கூரையின் நீரில் இருபத்தாறில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்தாற் குடிநீர்க் கவலை தீரும். கட்டட வரைபடத்துக்கு அனுமதி வழங்குவது சபையேயாதலின், பொதுக் கட்டடங்களுக்கேனும் மழைநீர்த் தொட்டியை அது வற்புறுத்தலாம். வாசிகசாலை, சந்தை, பாலர் பாடசாலை ஆகிய தன் கட்டடங்களில் முதலிற் செய்து காட்டுதல் முறை. தாழ்நிலத்தை நிரப்பி வீடு கட்டுவோர்க்கு அனுமதி வழங்குமுன் நீரோடும் வழியை நோக்குவதும் அதே அதிகாரத்தினுள் அடங்கும்.

அயலார் அனுபவம்

சிறு மன்றங்கள் பெரும்பணி செய்ய வல்லனவோ என ஐயுறுவார்க்கு அயல்நாட்டு எடுத்துக்காட்டு இரண்டு தருவேன்.

தமிழ்நாட்டிற் கோயம்புத்தூர் மாவட்டத்து மேட்டுப்பாளையத்துக்கு அண்மையிலுள்ளது ஓடந்துறை ஊராட்சி. 2006ஆம் ஆண்டில் அவ்வூராட்சி ஒரு கோடியே ஐம்பத்தைந்து இலட்சம் ரூபா செலவில் 350 கிலோவாற்றுக் காற்றாலை ஒன்றை வாங்கியது. அதில் ஒரு பகுதி தன் சேமிப்பு. பெரும்பகுதி வங்கிக் கடன். ஊருக்குத் தேவையானதற்கு மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்று வருமானம் பெற்றது. அப்பணியை முன்னின்று நடத்தியவர் ஊராட்சித் தலைவராயிருந்த ஆர். சண்முகம். அவர் தொடங்கியது உலகைக் காக்கும் எண்ணத்தாலன்று; தெருவிளக்கிலும் நீரிறைக்கும் இயந்திரத்திலும் ஏறிவந்த மின்கட்டணத்தைக் குறைக்கும் எண்ணத்தாலே. சிக்கனமும் அறமும் ஒரே வழியிற் சென்றன.

மற்றொன்று கேரளத்து வயநாட்டிலுள்ள மீனங்காடி. 2016ஆம் ஆண்டில் அவ்வூராட்சி தன் எல்லைக்குள் வெளிவிடும் கரியையும் உறிஞ்சும் கரியையும் சமப்படுத்தும் திட்டத்தைத் தொடங்கியது. அங்கே மரத்தை ஈடாக வைத்து, மரமொன்றுக்கு ஆண்டுக்கு 50 ரூபா வட்டியின்றிக் கடன் பெறும் முறை ஏற்பட்டது. மரத்தை வெட்டினாலன்றிக் கடனைத் திருப்ப வேண்டுவதில்லை. மரம் நடுக என்று உபதேசிப்பார் பலர். நட்ட மரத்தை வெட்டாதிருக்க ஏழைக்குக் காரணம் கொடுத்தார் இவர்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறைத்தலாகாது. கேரளத்தில் 1996ஆம் ஆண்டு தொடங்கிய மக்கள் திட்டத்தின்வழி மாநிலத் திட்டநிதியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஊர் மன்றங்களுக்கு வழங்கப்பட்டது. நம் நாட்டுப் பிரதேச சபைகளோ ஆதனவரி, சந்தை வருமானம், முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம், மாகாணத்தின் நன்கொடை ஆகியவற்றையே நம்பி நிற்கின்றன. காணி விலை குறைந்து, கடை சிலவே உள்ள வேளாண்மைப் பிரதேசத்தில் இவ்வருவாய்கள் சுருங்கியவையே. இடர் மிகுந்த இடத்தில் வருவாய் குறைவு. வருவாய் மிகுந்த இடத்தில் இடர் குறைவு. இம்முரண்பாட்டைச் சபை தானாகத் தீர்க்க இயலாது. 2015ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையின் பேரால் நாட்டுக்கு வரும் நிதியில் ஒரு பங்கு, மாகாணத்தையும் திணைக்களத்தையும் கடந்து மதகு வரை வந்து சேரும் வாய்க்கால் வெட்டப்படல் வேண்டும். தலைமதகில் நீர் நிரம்பியும் கடைமடை காய்ந்தால் அந்நீர்ப்பாசனத்தை யாரும் மெச்சார்.

மாணவர்க்குரிய பணி

இப்பாடத்தை ஏட்டோடு விட்டுவிடாது, நம் கல்லூரி மாணவர் நான்கு பயிற்சிகளை மேற்கொள்ளலாம்.

முதலாவது: கல்லூரி வளவில் மழைமானி ஒன்றை வைத்து நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளவெழுதுக. பத்தாண்டு எழுதிய ஏடு, நூறு மேடைப் பேச்சினும் பெறுமதியுடையது.

இரண்டாவது: தத்தம் கிராமத்து மதகுகளை எண்ணி, வாயின் அகலமும் உயரமும் அளந்து, படத்திற் குறிக்க. மேலே கூறிய கணக்கால் எது போதாதெனக் காண்க.

மூன்றாவது: 1957, 1978, 2011ஆம் ஆண்டுகளின் வெள்ளம் எவ்விடம்வரை ஏறியதென முதியோரைக் கேட்டுச் சுவரிலும் மரத்திலும் அடையாளமிடுக. 1957ஐக் கண்டவர் சிலரே எஞ்சியுள்ளனர், காலந்தாழ்த்தற்க.

நான்காவது: சபைக் கூட்டத்துக்குச் சென்று பார்வையாளராய் அமர்க. பாதீட்டைப் படிக்க. நீர் ஓடும் வழிக்கு எத்துணை, அலங்கார வளைவுக்கு எத்துணை என்று தாமே கண்டறிக.

பழைய மாணவருள் பொறியியலாளர் உளர், கணக்காளர் உளர், ஆசிரியர் உளர், கடல் கடந்து வாழ்வோரும் உளர். ஊருக்கு உதவ விரும்புவோர் பெரும்பாலும் மண்டபமும் கோபுரமும் கட்ட விரும்புகின்றனர். அது நன்றே. ஆயினும் ஒரு மதகின் மட்டத்தை அளந்து கொடுக்கும் பொறியியலாளர் ஓர் ஊரின் உறக்கத்தைக் காக்கின்றார். அதற்குக் கல்வெட்டு இராது. மாரியிரவில் நனையாத பாயே அதன் கல்வெட்டு.

முடிவுரை

1992ஆம் ஆண்டு றியோ நகரிற் கூடிய உலக மாநாடு வெளியிட்ட செயற்றிட்டத்தில் உள்ளூராட்சி மன்றங்களுக்கெனத் தனி அதிகாரம் ஒன்று வகுக்கப்பட்டது. மக்களுக்கு மிக அண்மையிலுள்ள ஆட்சியின்றி இக்காரியம் நிறைவேறாதென அன்றே உலகம் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டபின் அம்மன்றங்களின் கையில் பொருளையும் அதிகாரத்தையும் கொடுப்பதிலேதான் நாடுகள் தயங்கி நிற்கின்றன.

தயக்கம் தீருமளவும் சபைகள் வாளாவிருக்க வேண்டுவதில்லை. மாரிக்கு முன் வடிகானைத் துப்புரவாக்குதல், நீரோடும் வழியை மறியாதிருத்தல், வீதியோடு மதகையும் எண்ணுதல், கூரை நீரைச் சேர்த்தல், கரையிற் கண்டலைக் காத்தல், உழவரையும் மீனவரையும் கோடையிலே ஒன்றாய் அமர்த்துதல் ஆகிய யாவும் இன்றுள்ள சட்டத்தினுள்ளும் இன்றுள்ள சிறு பொருளினுள்ளும் அடங்குவன. முனையென்றும் குடாவென்றும் தீவென்றும் ஊர்க்குப் பெயரிட்ட முன்னோர் நீருக்குரிய இடத்தை நீருக்கு விட்டுத் தமக்குரிய இடத்திலே வாழ்ந்தனர். அப்பெயர்களை நாம் இன்றும் நாள்தோறும் உச்சரிக்கின்றோம். அவற்றின் பொருளை அறிந்து நடப்பின், வானம் மாறினும் படுவான்கரை வாழும்.